உஷார்! அப்பாவின் நினைவு போனால் 'பவர்' பத்திரமும் போச்சு!

வீட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்களா? அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். இதைப் படித்த பிறகு மற்ற வேலையைப் பார்க்கலாம்.

"அப்பா அண்ணன் பேருக்கு ஜெனரல் பவர் எழுதிக் கொடுத்துட்டாருங்க. எங்களுக்கு ஒரு கவலையும் இல்லீங்க." கோவை கணபதியில் பத்து வீட்டுக் கதவைத் தட்டினால் நாலு வீட்டில் இதைத்தான் சொல்வார்கள். அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

அந்தப் பத்திரம் அப்பாவுக்குச் சுயநினைவு இருக்கும் வரைதான் செல்லும்!

1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவைப் பாருங்கள். பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தாலும் பவர் முடிந்துவிடும், அவர் சித்த சுவாதீனம் இழந்தாலும் முடிந்துவிடும். வெளிநாடுகள் சிலவற்றில், நினைவு போன பிறகும் செல்லும்படி தனியாக ஒரு பவர் எழுதி வைக்கலாம். நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. எதற்குப் பயந்து எழுதி வாங்கினீர்களோ, அது நடக்கும் நாளில் அந்தக் காகிதம் கைகொடுக்காது.

அத்திப்பாளையம் பிரிவுப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பெரியவர் லேத் பட்டறை வைத்துப் பம்ப்செட் ஷாஃப்ட் கடைந்தே மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கியவர். மனைவி முன்னாலேயே போய்விட்டார். மூத்த மகன் திருப்பூரில், இளையவன் வெளிநாட்டில். கூட இருந்து பார்த்துக்கொண்டது மகள்தான். முதலில் சாவியைத் தொலைத்தார். பிறகு சத்தி ரோட்டில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். ஒருநாள் மகளைப் பார்த்து "நீங்க யாருங்கம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். டாக்டர் டிமென்ஷியா என்றார்.

வைத்தியச் செலவுக்காகப் பட்டறை இடத்தை விற்க முடிவு செய்தார்கள். மூத்த மகனிடம் பவர் இருக்கிறது, அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. பவரை வைத்துக் கிரயம் செய்ய, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டர் சான்று வேண்டும் அல்லவா? பார்த்துவந்த டாக்டர் நேர்மையானவர். உயிரோடு இருக்கிறார் என்று எழுதினார், அதற்குக் கீழேயே முற்றிய மறதி நோய் என்றும் எழுதினார். வாங்க வந்தவரின் வக்கீல் அந்த இரண்டாவது வரியில் விரலை வைத்தார். கிரயம் நின்றது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க மகளின் நகைகள் அடகுக்குப் போயின.

பேங்கில் பெரியவர் பேரில் டெபாசிட் இருந்தது. நாமினி மகள்தான். போய்க் கேட்டார். "நாமினிக்கு அவரு காலத்துக்குப் பொறவுதானுங்க தர முடியும்" என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான். அப்பாவின் பணம் அப்பாவின் மருந்துக்கு உதவவில்லை.

அதைவிடக் கொடுமை கடைசியில் நடந்தது. விழுங்க முடியாமல் சாப்பாடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்தது. ராத்திரி ஆம்புலன்ஸ், ஐ.சி.யு., வென்டிலேட்டர், மூக்கில் டியூப். அதை அவர் இழுத்து இழுத்துப் பிடுங்கினார் என்று இரண்டு கையையும் காஸ் துணியால் கட்டில் கம்பியில் கட்டினார்கள். லேத்தில் நூல் பிசகாமல் கடைந்த கைகள். மகள் போதும் என்றார். வெளிநாட்டு மகன் போனில், "எவ்வளவு செலவானாலும் சரி, எதையும் நிறுத்தக் கூடாது" என்றான். மூத்தவர் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி யார் பேச்சைக் கேட்கும்? மூன்று வாரம் அப்படியே கிடந்து, கட்டின கையோடு போய்ச் சேர்ந்தார். "அப்பா என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியுமுங்க்கா. ஆனா எங்கியும் எழுதி வெக்கலீங்க" என்று அந்தப் பெண் இன்றைக்கும் அழுகிறார்.

நம் வீட்டில் இப்படி நடக்காது என்று நினைக்காதீர்கள். 2023-இல் வெளிவந்த தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. சுமார் 88 லட்சம் பேர்!

சரி, கோர்ட்டில் கார்டியனாக நியமனம் வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். வாங்கலாம். ஆனால் பாதை கரடுமுரடானது. 1890-ஆம் வருஷத்துக் கார்டியன் சட்டம் மைனர்களுக்கானது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற சில குறைபாடுகளுக்கு மட்டும்தான், டிமென்ஷியா அதில் இல்லை. பழைய மனநலச் சட்டத்தில் சொத்தை நிர்வகிக்க ஆள் நியமிக்க வழி இருந்தது. 2017-இல் வந்த புதிய சட்டத்தில் அதைக் காணோம். 2016-இன் மாற்றுத் திறனாளிகள் சட்டம் 14-ஆம் பிரிவில் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்' என்று ஒன்று உண்டு. அதுவும் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத்தான்.

அதனால்தான் பலர் ஹைகோர்ட் படி ஏறுகிறார்கள். 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு ஒரு மனைவி வந்தார். கணவர் கோமாவில். செலவுக்கு அவர் சொத்தை விற்க வேண்டும். தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அப்பீலில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அமர்வுதான் மனைவியைக் கார்டியனாக நியமித்தது. விற்கும் பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பேரில் டெபாசிட் போட வேண்டும் என்று நிபந்தனையும் வைத்தது. கட்டின மனைவிக்கே இத்தனை அலைச்சல்! மகன், மகள், மருமகளுக்கு?

இன்னொன்றையும் கேளுங்கள். கார்டியன் ஆனாலும் நீங்கள் ஒருவராகச் சிகிச்சையை நிறுத்திவிட முடியாது! 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு இறப்பதும் வாழும் உரிமையில் சேர்ந்ததுதான் என்று தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. நோயாளி எதுவும் எழுதி வைக்கவில்லை என்றால் குடும்பத்தார் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். மூன்று டாக்டர்கள் கொண்ட ஒரு குழு ஒப்ப வேண்டும், வேறு மூன்று பேர் கொண்ட இரண்டாவது குழுவும் ஒப்ப வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். பிள்ளைகள் ஆளுக்கொன்று பேசினால் முதல் படியிலேயே நின்றுவிடும்.

இது, வயதானவர்களின் உயிரை முடிக்கும் பழைய வழக்கமான தலைக்கூத்தல் இல்லையா என்று யாரோ கேட்பார்கள். இல்லவே இல்லை! அது உயிரை எடுப்பது, குற்றம். இங்கே பேசுவது, பலன் தராத இயந்திரத்தை விலக்கிவிட்டு வலி, மூச்சுத் திணறல், படுக்கைப் புண் ஆகியவற்றுக்கு வைத்தியத்தைத் தொடர்வது. முற்றிய டிமென்ஷியாவில் மூக்கு டியூப் ஆயுளை நீட்டுவதில்லை, நிமோனியாவையும் தடுப்பதில்லை. பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாகக் கையால் ஊட்டுவதே நல்லது என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதி முதியோர் இல்லங்களில் இப்படிப்பட்ட 323 பேரை ஒன்றரை வருஷம் கவனித்து 2009-இல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேல் அதற்குள் இறந்துவிட்டார்கள். இது உயிரை எடுக்கும் நோய் என்று புரிந்திருந்த குடும்பங்களில், கடைசி மாதங்களில் ஊசியும் டியூபும் ஆஸ்பத்திரி ஓட்டமும் குறைவாக இருந்தன.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள்!

ஒரே கேள்வியை ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்கிறார். பென்ஷன் பணத்தை எண்ணத் தடுமாறுகிறார். கையெழுத்து மாறுகிறது. பழகின ரோட்டில் வழி தப்புகிறார். 'வயசாயிருச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடாதீர்கள். அவரால் யோசித்து எழுதக்கூடிய காலம் இதுதான், இது போனால் திரும்ப வராது.

ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவர் சாப்பிடும்போது இருமுகிறார், சோற்றை வாயிலேயே அடக்கிக்கொள்கிறார், அடிக்கடி காய்ச்சல், எடை இறங்குகிறது. நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்திருக்கலாம். ஐ.சி.யு. வாசலில் நின்று முடிவெடுக்கும்வரை காத்திருக்காமல், இப்போதே டாக்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

திடீரென்று ஒரு சொந்தக்காரர் பாசமாகக் காரோடு வந்து, "பெரியப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேனுங்க" என்கிறார். திரும்பி வரும்போது பெரியவரின் பெருவிரலில் மசி! உஷார்! நினைவு தப்பியவரிடம் வாங்கின கைநாட்டுச் செல்லாது. ஆனால் அதைக் கோர்ட்டில் நிரூபிக்க வருஷக் கணக்காகும். சந்தேகம் வந்தால் டாக்டர் சான்றோடு சார்பதிவாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுப்பவர் சித்த சுவாதீனம் இல்லாதவராகத் தெரிந்தால் பதிவை மறுக்கச் சார்பதிவாளருக்கு அதிகாரம் உண்டு.

என்ன செய்வது? நினைவு தெளிவாக இருக்கும்போதே டெபாசிட்டை 'இருவரில் ஒருவர்' எடுக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். 2017 மனநலச் சட்டப்படி, சிகிச்சை விஷயத்தில் தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. சொத்துக்கு அது செல்லாது, நினைவில் வையுங்கள். கடைசிக்கால சிகிச்சை பற்றித் தனியாக ஒரு உயில் எழுதட்டும். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து, அவ்வளவுதான். தனக்காகப் பேச ஒருவருக்கு மேலும் பெயர் குறிப்பிடலாம். அந்தப் பெயர்களில் வெளிநாட்டுப் பிள்ளையையும் சேருங்கள், எழுதும் நாளில் வீடியோ காலில் உட்கார வையுங்கள். பின்னால் சண்டை வருவது அங்கிருந்துதான்.

ஏற்கெனவே நினைவு போய்விட்டதா? செல்லாமல் போன பவரைக் காட்டி எதையும் விற்காதீர்கள், வழக்கில் மாட்டுவீர்கள். பிள்ளைகள் எல்லோரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டு, டாக்டர் சான்றோடு வக்கீலைப் பாருங்கள். படுத்த படுக்கையானவருக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரணச் சேவை செய்வது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். பெரியவரை யாராவது மிரட்டினாலோ ஏமாற்றினாலோ முதியோர் உதவி எண் 14567. நாளைக்கு என்று தள்ளாமல், இப்போதே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.