சூரியனை எழுத்தில் இறக்குவது எப்படி?

சூரியக் குடும்பத்தின் இயக்கத்தைத் திரையில் காட்டும் நிரல் ஒன்று கணிப்பொறியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் நின்றால், கோள்கள் இருந்த இடம் நினைவகத்திலிருந்து மறைந்துபோகும். அதை முன்பே எழுதி வைத்து, நாளை வேறொரு கணிப்பொறியில் விட்ட இடத்திலிருந்து தொடர முடியுமா?

முடியும். ஆனால் நினைவகத்தில் உள்ளதை அப்படியே படியெடுத்தால் பயனில்லை. ஏன் தெரியுமா? நிரலில் சூரியன் ஒரு 'பொருள்'. பூமி இன்னொரு 'பொருள்'. பூமி எதைச் சுற்றுகிறது என்று குறிக்கும் இடத்தில் சூரியனின் விவரங்கள் இரா. அவை நினைவகத்தில் எங்கே தொடங்குகின்றன என்ற முகவரி எண்தான் இருக்கும். மறுமுறை நிரலை ஓட்டும்போது அந்த முகவரியில் வேறு ஏதாவது குடியிருக்கலாம்!

ஆகவே பொருளை எழுத்தாக மாற்ற வேண்டும். அதற்கு உதவும் பொது எழுத்துமுறைகளுள் ஒன்று எக்ஸ்.எம்.எல். இதன் விதிகள் 1998 பிப்ரவரியில் வெளியாயின. ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னும் பின்னும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். சீட்டு தமிழிலேயே இருக்கலாம்:

<பெயர்>பூமி</பெயர்>

இப்படி எழுதினால் இடம் அதிகம் பிடிக்கும் என்பது உண்மையே. நினைவகத்தில் 8 பைட்டில் அடங்கும் தசம எண், துல்லியம் குறையாமல் திரும்பிவர 17 இலக்கங்கள் வரை எழுத வேண்டியிருக்கும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சூரியனிலிருந்து பூமியின் தூரம் ஏறத்தாழ 15 கோடி கி.மீ. அல்லவா? அதை 6 இலக்கங்களோடு நிறுத்தினால் 500 கி.மீ. வரை பிழை நேரலாம்!

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சூரியனை எழுதத் தொடங்குகிறோம். அதன் கோள்களின் பட்டியலில் பூமி வருகிறது. பூமியை எழுதுகிறோம். பூமி சுற்றுவது எதை? சூரியனை. உடனே மீண்டும் சூரியன், அதற்குள் மீண்டும் பூமி... செக்குமாட்டின் கதைதான்! 2002இல் வெளிவந்த டாட்நெட்டின் எக்ஸ்.எம்.எல். கருவி, இத்தகைய வட்டத்தைக் கண்டால் 'பிழை' என்று சொல்லி நின்றுவிடும். அதே ஆண்டு வந்த ஜாவா 1.4இன் கருவி சற்றுக் கெட்டிக்காரத்தனமானது. பலமுறை வரும் பொருளுக்கு முதலில் ஓர் அடையாளம் கொடுத்துவிட்டு, பிறகு அந்த அடையாளத்தை மட்டும் எழுதும். நம் தமிழ்ச் சீட்டுகளில் அது இவ்வாறு அமையும்:

<விண்பொருள் அடையாளம்="ஞா1">
<கோள்><பெயர்>பூமி</பெயர்><மையம் காண்க="ஞா1"/></கோள்>
</விண்பொருள்>

இதைப் படிக்கும் கணிப்பொறி, சூரியனைத் தன் நினைவகத்தில் எங்கே வைத்ததோ அந்தப் புதிய முகவரியை 'ஞா1'க்கு நேராகக் குறித்துக்கொள்ளும்; பூமியின் மையமாக அதையே நிரப்பிவிடும்.

இப்போது நிலவையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். அதன் மையத்துக்கு எந்த அடையாளம் தருவீர்கள்?