மூக்குத்தியும் ஒரு வாய் காபியும்

மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "மூக்கின் அழகு கெட்டுவிடுமோ?" என்பதுதான். அதுவும் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் என்றால் கேட்கவே வேண்டாம்! கத்தி படுவது உள்ளே. வெளித் தோற்றம் சாதாரணமாக மாறுவதில்லை. லேசான வளைவு பலருக்கும் உண்டு. மூச்சு அடைபட்டால்தான் சிகிச்சை.

புதுச்சேரியின் வடகோடியான கனகசெட்டிக்குளத்துக்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், கோரிமேட்டில் இருக்கிறது.

ஆஸ்பிரின், நாட்டு மருந்து, எது சாப்பிட்டாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில மருந்துகள் ரத்தப்போக்கை அதிகரிக்கும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். நகப்பூச்சும் வேண்டாம், விரல் நுனியில் மாட்டும் கருவி பிராணவாயுவை அளக்க அது இடைஞ்சல்.

எல்லாவற்றையும்விட அபாயமானது அம்மாக்களின் அன்பு! "பாவம், வெறும் வயிறு" என்று ஒரு வாய் காபியை ரகசியமாகக் கொடுத்துவிடுகிறார்கள். பால் கலந்த காபி, ஆகாரத்தில் சேர்ந்தது. பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது மேலேறிச் சுவாசப்பைக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. தெரியாமல் குடித்துவிட்டால் ஒளிக்காதீர்கள். ஆபரேஷன் தள்ளிப்போனால் போகட்டும்.

மூக்கில் பஞ்சு அடைத்தால் ஓரிரு நாள் வாயால்தான் மூச்சு. முதல் நாளே கொஞ்சம் பழகிக்கொண்டால் விழித்ததும் திணறத் தோன்றாது. தலையை உயர்த்திப் படுக்க இன்னொரு தலையணையும் எடுத்து வையுங்கள்.