டாக்டர் கேட்ட ஒரு கேள்வி

மண்ணெண்ணெய், மாத்திரை, கத்தி எல்லாம் குழந்தைக்கு எட்டாமல் வைத்திருக்கிறீர்களா என்று டாக்டர் கேட்டால் நாம் யாரும் கோபித்துக் கொள்வதில்லை. அமெரிக்காவில் குழந்தை டாக்டர்கள் இதோடு இன்னொன்றும் கேட்பதுண்டு: "வீட்டிலே துப்பாக்கி இருக்கா?"

2010-ல் ஃப்ளோரிடா மாநிலத்தின் ஒகாலா நகரில் ஒரு தாய் இதற்குப் பதில் சொல்ல மறுத்துவிட்டார். அது தம் சொந்த விஷயம் என்பது அவர் கட்சி. முப்பது நாளில் வேறு டாக்டரைப் பார்த்துக் கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் டாக்டர். இதென்ன தலை போகிற காரியமா என்று தோன்றும். ஆனால் விவகாரம் சட்டசபைக்கே போய்விட்டது! சிகிச்சைக்கோ பாதுகாப்புக்கோ அவசியமிருந்தாலொழிய டாக்டர்கள் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவோ, குறித்து வைக்கவோ கூடாது என்று 2011-ல் சட்டம் வந்தது. மீறினால் 10,000 டாலர் வரை அபராதம்.

அந்தத் தாயின் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். நம் வீட்டு விஷயம் வெளியே போனால் என்ன ஆகும் என்ற பயம் யாருக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். 2012 டிசம்பரில், பக்கத்து கனெக்டிகட் மாநிலப் பள்ளியொன்றில் 20 பிஞ்சுகள் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களில், ஒரு பத்திரிகை இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் பெயரையும் விலாசத்தையும் வரைபடமாகவே வெளியிட்டுவிட்டது. அரசாங்கப் பதிவேட்டிலிருந்து முறைப்படி வாங்கிய விவரம்தான். ஆனால் கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்பி, விலாசத்தை மறைத்து வாழும் ஒரு பெண்ணின் பெயரும் அதில் இருந்தால் அவள் கதி என்ன? அடுத்த மாதமே, 2013 ஜனவரியில், நியூயார்க்கில் சட்டம் மாறியது. கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு பெற்றவர்கள், சாட்சிகள், ஜூரிகள், போலீஸ்காரர்கள், தொல்லைக்கு அஞ்சுகிறவர்கள் ஆகியோர் தங்கள் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக் கொள்ளலாம். நல்ல ஏற்பாடு.

ஆனால் ஊருக்குப் பறைசாற்றுவது வேறு, டாக்டர் தம் அறையில் கேட்பது வேறு. ஃப்ளோரிடா டாக்டர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2017 பிப்ரவரியில் அட்லாண்டாவிலுள்ள அப்பீல் கோர்ட், கேட்காதே, எழுதாதே என்ற பிரிவுகள் டாக்டர்களின் பேச்சுரிமைக்கு விரோதம் என்று ரத்து செய்தது. துப்பாக்கி வைத்திருக்கும் ஒரே காரணத்துக்காக நோயாளியிடம் பாரபட்சம் காட்டக் கூடாது என்ற பிரிவு மட்டும் நிலைத்தது. டாக்டர் கேட்கலாம்; பதில் சொல்வதும் சொல்லாததும் நம் இஷ்டம். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

ஏனென்றால் குழந்தைக்குச் சட்டம் தெரியாது. அப்பா எந்த அலமாரியில் எதை வைக்கிறார் என்பது மட்டும் தெரியும்! துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, அதைப் பூட்டி வைக்க வேண்டும், தோட்டாவைத் தனியே வேறிடத்தில் பூட்ட வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் யோசனை.

நம் பெண்களும் பலர் அங்கே குடித்தனம் நடத்துகிறார்கள். குழந்தையை ஒரு வீட்டுக்கு விளையாட அனுப்புமுன், "நாய் கடிக்குமா?" என்று கேட்பது போலவே, "துப்பாக்கி இருந்தா பூட்டி வச்சிருக்கீங்களா?" என்றும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். கிடைக்கும் பதிலை உங்களோடு வைத்துக் கொள்ளுங்கள். நாலு பேரிடம் சொல்லாதீர்கள்.