சேற்றுத் தடையோட்டத்துக்கு ஆயத்தமாதல்

சேற்றுத் தடையோட்டம் என்பது சேறு, நீர்க்குழி, சுவர், கயிறு, முட்கம்பி போன்ற தடைகளைக் கடந்து குறித்த தொலைவை ஓடி முடிக்கும் போட்டி ஆகும். தொலைவு பெரும்பாலும் 5 கி.மீ. முதல் 20 கி.மீ. வரை அமையும். இதில் கலந்துகொள்ள விரும்புவோர் பலர் கைவலிமையையும் ஓட்ட வேகத்தையும் மட்டும் வளர்த்துக்கொள்கின்றனர். ஆனால் இத்தகைய போட்டிகளில் நேர்ந்த பெருந்தீங்குகள் பல வலிமைக் குறைவால் நேர்ந்தவை அல்ல. நீரில் மூழ்குதல், வெப்பத் தாக்கு, குருதியில் உப்புக் குறைதல், புண் வழியாகவோ வாய் வழியாகவோ தொற்றும் நோய் ஆகியவையே அவற்றுக்குக் காரணங்கள். எனவே ஆயத்தம் என்பது சேறு, நீர், உப்பு ஆகிய மூன்றையும் அறிந்துகொள்வதில் தொடங்குகிறது.

இம்மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள மரக்காணம் உப்பளக் கரை. அது போட்டிக்களம் அன்று. எனினும் அங்கு மனிதர் ஆண்டுதோறும் வெறுங்காலுடன் சேற்றில் உழைக்கின்றனர். ஆதலால் இக்கட்டுரையில் அவ்விடம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பெயரும் வரலாறும்

தமிழில் சேற்றுக்குப் பெயர்கள் பல: சேறு, சகதி, உளை, தொள்ளி, அளறு. இவற்றுள் அளறு என்னும் சொல்லுக்கு நரகம் என்ற பொருளும் உண்டு. போட்டியின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்கள் இப்பொருளை மறுக்கமாட்டார்கள். உப்பு விளையும் நிலம் அளம் எனப்படும்.

தடை கடக்கும் பயிற்சி படைத்துறையில் தோன்றியது. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி சார்ச் எபேர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடுதல், ஏறுதல், தாண்டுதல், நீந்துதல், சுமத்தல் ஆகியவற்றை இணைத்து ஒரு பயிற்சி முறையை வகுத்தார். இன்று பெரும்பாலான நாடுகளின் படைப்பயிற்சியில் தடைக்களம் இடம்பெறுகிறது. 1963இல் தொடங்கப்பட்ட, சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகமும் இதற்கு விலக்கன்று. தடகளத்தில் இதற்கு நெருங்கிய உறவு 3000 மீட்டர் தடைதாண்டி ஓட்டம். அதில் 28 தடைகளும் 7 நீர்த்தாண்டல்களும் உள்ளன.

பொதுமக்களுக்கான சேற்றுப் போட்டிகளில் முன்னோடியாகக் கருதப்படும் டஃப் கை, 1987இல் இங்கிலாந்தில் தொடங்கியது. 2010இல் அமெரிக்காவில் டஃப் மட்டர், ஸ்பார்ட்டன் ரேஸ் ஆகிய இரண்டும் தோன்றிய பின்னரே இது உலகெங்கும் பரவியது. இந்தியாவில் டெவில்ஸ் சர்க்கியூட் என்னும் போட்டித் தொடர் 2012 முதல் பல நகரங்களில் நடத்தப்பட்டு வந்துள்ளது. சென்னையும் அவற்றுள் ஒன்று. அதன் வழக்கமான அமைப்பு 5 கி.மீ. தொலைவும் 15 தடைகளும் ஆகும். 2019ஆம் ஆண்டுத் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தடையோட்டம் பதக்கப் போட்டியாக இடம்பெற்றது. ஒலிம்பிக் நவீன ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றத்துக்கு மாற்றாக, 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டி முதல் தடையோட்டம் சேர்க்கப்படவுள்ளது. அது குறுகிய களத்தில், சேறு இல்லாமல் நடப்பதாகும்.

மரக்காணத்துச் சேறு

மரக்காணம் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. அதன் தெற்கே கழுவெளி என்னும் உவர்நீர்ச் சதுப்பு பரந்து கிடக்கிறது. இச்சதுப்பு 2021இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையில் உப்பளங்கள் நீரில் மூழ்கும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோதும் அவ்வாறே நேர்ந்தது. மழை ஓய்ந்து நீர் வடிந்த பின், ஆண்டின் தொடக்கத்தில், பாத்திகளைச் செப்பனிடும் வேலை தொடங்குகிறது. ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று, ஈரக் களிமண்ணைப் பலமுறை காலால் மிதித்து இறுக்குவர். தரை இறுகினால்தான் உவர்நீர் கசியாது. வாரும் உப்பில் மண்ணும் கலக்காது.

இங்குக் கவனிக்க வேண்டியது, ஒரே மண் ஆண்டின் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதாகும். கடல்நீரில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்பு உள்ளது. உப்புப் படியும் பாத்தியில் இது ஏறத்தாழ 26 விழுக்காட்டை எட்டும். உப்புச் செறிந்த நீரில் களிமண் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு நிற்கும். மழைநீர் பெய்து உப்பு நீர்த்துவிட்டால், சோடியம் ஒட்டிய அதே துகள்கள் பிரிந்து குழம்பாகிவிடும். அப்போது தரை எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். காய்ந்தால் கல்லாக இறுகும். போட்டிக்கு முதல் நாள் களத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், இரவில் பெய்த ஒரு மழைக்குப் பின் அதே களத்தை அடையாளம் காணமாட்டார்.

சேற்றில் கால் எவ்வாறு சிக்குகிறது

சேற்றில் புதைந்த காலை மேலே இழுக்கும்போது, பாதத்தின் அடியில் ஏற்படும் வெற்றிடத்துக்குள் காற்றும் நீரும் விரைந்து புகமுடியாது. அங்கு அழுத்தம் குறைகிறது. மேலிருக்கும் அழுத்தம் பாதத்தைக் கீழே அமுக்குகிறது. இழுக்கும் வேகம் கூடக்கூட இத்தடையும் கூடும். காலணி சேற்றிலேயே தங்கிப்போவது இதனால்தான்.

2005இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஈரானில் கும் நகருக்கு அருகிலுள்ள உப்பு ஏரிக்கரையின் புதைமணலை ஆய்ந்து நேச்சர் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். மணல், களிமண், நீர் ஆகியவற்றுடன் உப்பும் சேரும்போதே அது புதைமணலாக நிலைகுலைகிறது என அவர்கள் கண்டனர். படிந்த புதைமணலின் அடர்த்தி மனித உடலின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே மனிதர் இடுப்பளவுக்குமேல் தாமாக அமிழ்வதில்லை. ஆனால் அமிழ்ந்த பாதத்தை நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் உருவி எடுப்பதற்கு, ஒரு நடுத்தர மகிழுந்தைத் தூக்கும் அளவு விசை வேண்டும். திரைப்படங்களில் காட்டுவதுபோல் தலை வரை விழுங்கும் புதைசேறு இல்லை என்று மகிழலாம். ஆயினும் சிக்கியவரை வெள்ளமோ ஏறும் அலையோ வந்தடைந்தால் நிலைமை வேறு.

எனவே சிக்கிய காலை மேல்நோக்கி வெட்டி இழுக்கக் கூடாது. உடலைச் சற்றுப் பின்னால் சாய்த்து எடையைப் பரப்பி, பாதத்தைச் சிறிது சிறிதாக அசைத்து, நீர் உள்ளே இறங்க இடம் தரவேண்டும். பின்னர்க் குதிகாலை முதலில் விடுவித்து, கால்விரல்களைக் கீழ்நோக்கி நீட்டியபடி உருவ வேண்டும். சேற்றில் நடக்கும்போது காலடி குறுகியதாகவும், முழங்கால் சற்று மடங்கியதாகவும் இருத்தல் நல்லது. நாற்று நடுவோரின் நடையைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும்.

உடற்பயிற்சி

ஏற்கெனவே 5 கி.மீ. தொடர்ந்து ஓட வல்லவருக்கு எட்டு வாரப் பயிற்சி பொதுவாகப் போதும். ஓடிப் பழகாதவர் இன்னும் ஒரு மாதம் கூட்டிக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் வலிமைப் பயிற்சி, எஞ்சிய நாட்களில் ஓய்வு அல்லது நடை என அமைக்கலாம். மூன்று ஓட்டங்களுள் ஒன்றை மணலில் ஓட வேண்டும். 1998இல் வெளியான ஓர் ஆய்வின்படி, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் மணலில் ஓடுவதற்குச் செலவாகிறது. ஆகவே வேகம் குறைவது கண்டு சோர்வடைய வேண்டியதில்லை. கணுக்கால் பழகும்வரை முதல் இரு வாரங்களில் கால் மணி நேரத்துக்கு மேல் மணலில் ஓடுவது நன்றன்று.

தடைகளில் பெரும்பாலோர் தோற்பது பிடிமானத்தில். சேறு படிந்த கம்பியில் தொங்கிச் செல்லும் தடையே இதற்குச் சான்று. மரக்கிளையிலோ கம்பியிலோ ஈரத்துணியைச் சுற்றித் தொங்கிப் பழகுவது எளிய வழி. கயிறு ஏறும்போது கையால் இழுத்து ஏற முயல்வோர் பாதியில் நின்றுவிடுவர். ஒரு பாதத்தின் மேல் கயிற்றை விட்டு மறு பாதத்தால் அதை அழுத்திப் பூட்டி, காலால் எழும்ப வேண்டும். பனையேறிகள் தளைநார் கொண்டு செய்வதும் இதே கொள்கை: கை பிடிக்கும், கால் தூக்கும். முட்கம்பியின் கீழ்த் தவழ்வதற்கு முழங்கை, முழங்கால் தோல் பழக வேண்டும். புல்தரையில் வாரம் இருமுறை ஐம்பது மீட்டர் தவழ்ந்தால் போதுமானது.

காலணியின் அடியில் ஆழமான பற்கள் இருக்க வேண்டும்; உட்சென்ற நீர் வெளியேற வழியும் இருக்க வேண்டும். பருத்தி ஆடை நீரை ஏந்திக் கனக்கும். புதுக் காலணியைப் போட்டியன்று முதன்முதலாக அணிவதைவிடப் பெரிய பிழை இல்லை.

வெப்பமும் உப்பும்

வியர்வை ஆவியாகும்போதே உடல் குளிர்கிறது. தமிழகக் கடற்கரையில் காற்றின் ஈரப்பதம் மிகுதியாதலால் வியர்வை வழிந்தோடுகிறதே ஒழிய, ஆவியாவது குறைவு. உடல் வெப்பத்துக்கு இசைந்துகொள்ள ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். குளிரூட்டிய அறைக்குள் மட்டும் பயிற்சி செய்தவர், எவ்வளவு வலியவராயினும், இவ்விசைவைப் பெறுவதில்லை. தள்ளாட்டம், குழறும் பேச்சு, பொருந்தாச் செயல் ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். அத்தகையவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் முன்னரே நீரில் அமிழ்த்தியோ, நீரூற்றி விசிறியோ குளிர்விக்கத் தொடங்க வேண்டும்.

மற்றொரு தீங்கு இதற்கு நேர்மாறானது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் குருதியை ஆய்ந்தபோது, 13 விழுக்காட்டினரிடம் சோடியம் இயல்பளவினும் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம், அதாவது இழந்ததைவிட மிகுதியாக நீர் பருகியவர்களிடம், இது பெரிதும் காணப்பட்டது. தலைவலி, வாந்தி, மயக்கம், வலிப்பு எனக் கடுமையாகி உயிரையும் பறிக்கக்கூடியது இந்நிலை. 'இயன்றவரை தண்ணீர் குடி' என்னும் நல்லெண்ண அறிவுரை இங்கே ஆபத்தாகிறது. தாகத்துக்கு ஏற்பப் பருகுவதே போதும். நீண்ட பயிற்சிக்குப் பின் உப்பிட்ட மோரும் நீராகாரமும் ஏற்றவை. உப்பு மாத்திரைகளைத் தாமாக விழுங்குவது தேவையற்றது. உயர் குருதியழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டே உப்பைக் கூட்ட வேண்டும்.

நீர்த்தடைகள்

2013 ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் நடந்த டஃப் மட்டர் போட்டியில், உயர்ந்த மேடையிலிருந்து சேற்றுநீர்க் குளத்தில் குதித்த 28 வயது இளைஞர் மூழ்கி இறந்தார். கலங்கிய நீரில் மூழ்கியவர் மேலிருந்து பார்ப்போர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒருவர் மேல் ஒருவர் குதிக்கவும் வாய்ப்புண்டு. எனவே முன் குதித்தவர் வெளிவந்து விலகும்வரை நிற்க வேண்டும். எப்போதும் கால் முன்னாகவே இறங்க வேண்டும். ஆழம் தெரியாத சேற்றுக் குழியில் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்தெலும்பு முறிந்து கைகால் செயலிழக்கலாம். நீந்தத் தெரியாதவர் அத்தடையைச் சுற்றிச் செல்லலாம்; பெரும்பாலான போட்டிகளில் இதற்கு இடமுண்டு.

புண்ணும் தொற்றும்

2000ஆம் ஆண்டில் மலேசியாவின் சபா மாநிலத்தில் ஈக்கோ சேலஞ்சு என்னும் போட்டி நடந்தது. பின்னர்த் தொடர்புகொள்ளப்பட்ட 189 போட்டியாளர்களுள் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. ஆற்றுநீரே காரணமாகக் கருதப்பட்டது. 2012இல் நெவாடாவில் நடந்த சேற்றுப் போட்டியொன்றில், கால்நடைகள் மேய்ந்த நிலத்தின் சேற்றை விழுங்கியோர் கடும் வயிற்றுப்போக்குக்கு உள்ளாயினர்.

எலிக்காய்ச்சல் கிருமி நன்னீரிலும் ஈரமண்ணிலும் வாரக்கணக்கில் வாழும், உப்புநீரில் நீடிப்பதில்லை. இதைக் கொண்டு உவர்ச்சேறு தூயது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கழிமுகங்களின் வெதுவெதுப்பான, மிதமான உப்புள்ள நீரில் விப்ரியோ இனக் கிருமிகள் வாழ்கின்றன. அவற்றுள் சில புண் வழியே புகுந்து தசையை அழிக்க வல்லவை. தென்னிந்தியாவின் ஈரமண்ணில் காணப்படும் மெலியோய்டோசிஸ் நோய்க்கிருமி நீரிழிவு உள்ளவர்களையே மிகுதியாகத் தாக்குகிறது. ஆறாத புண்ணோடு சேற்றில் இறங்காமை, சேற்றுநீர் வாய்க்குள் போகாமல் காத்தல், முடித்தவுடன் நன்னீரில் சோப்பிட்டுக் கழுவுதல், இரணஜன்னித் தடுப்பூசியைப் போட்டி நாளுக்குப் பல வாரம் முன்னரே போட்டுக்கொள்ளுதல் ஆகியவை வேண்டும். போட்டிக்குப் பின் ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் அவர் எலிக்காய்ச்சலைக் கருதாமல் போகலாம்.

உப்பளத்தில் பயிற்சி செய்யலாமா

மரக்காணம் வழியே செல்லும் இளைஞர் சிலருக்கு, சாலையோரப் பாத்திகள் இயற்கையான பயிற்சிக்களமாகத் தோன்றலாம். அவ்வாறு இறங்குவது தகாது. பலர் கால் மிதித்துப் பல நாளில் இறுகிய தரையை, பற்கள் கொண்ட காலணி ஒரு நிமிடத்தில் கிழித்துவிடும். அப்பாத்தியின் உப்பு மண்ணாகும், கூலியும் போகும். உப்புப் படிகங்கள் தோலை அறுப்பவை. செறிந்த உவர்நீர் அப்புண்ணை ஆறவிடுவதில்லை. உப்பளத் தொழிலாளர் கால்களில் காணப்படும் வெடிப்பும் புண்ணும் இதற்குச் சான்று. கழுவெளிக் கரையோ காப்பகமாதலால் வனத்துறையின் ஆளுகைக்கு உட்பட்டது. கடற்கரையின் பொது மணல்வெளியில் ஓடலாம். சேறுதான் வேண்டுமெனில், அறுவடை முடிந்த வயலில் நீர்பாய்ச்சி உழும் நாளில், உரியவரிடம் கேட்டு இறங்கலாம். வரப்பை மட்டும் மிதித்து உடைத்துவிடக் கூடாது.