மடக்குக் கதவும் கூடைக் கூரையும்

சிங்கப்பூரில் கேலாங் பக்கம் போய் வந்தவர்கள், பழைய கடைவீடுகளின் வாசலில் இரும்பு மடக்குக் கதவுகளைக் கண்டிருப்பீர்கள். சாய்வான பட்டைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்; வெட்டும் இடமெல்லாம் ஓர் ஆணி. இழுத்தால் விரியும், தள்ளினால் ஒடுங்கும். பட்டைகளின் நீளம் மாறுவதில்லை. கட்டங்களின் கோணம்தான் மாறுகிறது.

அதே பின்னலை வளையக்கூடிய மரச் சட்டங்களால் செய்து, தரையில் விரித்து, நடுவே உயர்த்தினால் கவிழ்த்த கூடையைப் போலக் கூரை எழும்பும். உள்ளே தூண் வேண்டியதில்லை.

ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் 1975ஆம் ஆண்டுத் தோட்டக் கண்காட்சிக்கு இப்படி ஒரு மண்டபம் எழுந்தது. அதன் வடிவத்தைக் கண்டறிந்தவர் ஃப்ரை ஓட்டோ. அவர் வலையைத் தொங்கவிட்டுப் பார்த்தார். தொங்கும் வலையில் இழுப்பு மட்டுமே உண்டு; அவ்வடிவைத் தலைகீழாக்கினால், தன் பாரத்தை அமுக்கமாகவே தரைக்கு இறக்கும். மெல்லிய சட்டம் தாங்குவதன் இரகசியம் இதுதான். ஐந்து சென்டிமீட்டர் கனமுள்ள சட்டங்களை அரை மீட்டர் இடைவெளியில் பின்னி, சாரக் கோபுரங்களாலும் பாரந்தூக்கி வண்டிகளாலும் மெல்ல மெல்ல உயர்த்தினார்கள்.

உயர்த்தியதும் வேலை முடிந்துவிடவில்லை. அப்போது அது இன்னும் மடக்குக் கதவுதான், எப்பக்கமும் சரியும். ஓரங்களைத் தரையோடு பிணைத்து, போல்ட்டுகளை முறுக்கி, மூலைக்கு மூலை கம்பிவடம் இழுத்த பிறகே அது கூரையாயிற்று. கட்டம் நசுங்கும், முக்கோணம் நசுங்காது அல்லவா? பிறகு தண்ணீர் நிரப்பிய குப்பைத் தொட்டிகளைத் தொங்கவிட்டுப் பாரம் சோதித்தார்கள்! கண்காட்சிக்கென்று எழுப்பியது, அதன் பின்னும் நிலைத்து நின்றது.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பாருங்கள். பச்சைத் தென்னை ஈர்க்குகளை எட்டுக்கு எட்டாகப் பரப்பி, சந்திகளில் நூலால் தளர்வாகக் கட்டுங்கள். நடுவே தூக்கிவிட்டு உள்ளங்கையால் அமுக்கினால் தட்டையாகிவிடும். ஓர நுனிகளை ஈரமண்ணில் ஊன்றி, கட்டங்களுக்குக் குறுக்கே நூல் கட்டி மறுபடி அமுக்குங்கள். கை வித்தியாசத்தை உணரும்.

கோயில் திருவிழாவுக்கு மூங்கில் பிளாச்சால் இப்படிப் பந்தல் போடலாமா என்று கேட்பீர்கள். சிறியதாகப் போடலாம், பெரியதென்றால் கணக்குத் தெரிந்த பொறியாளர் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கனமான கூரைக்குக் கீழே விழும் ஆபத்து. இலேசான கூரைக்கோ மேலே பறக்கும் ஆபத்து. துணி போர்த்தியதும் காற்று அதைத் தூக்கப் பார்க்கும். ஆகவே முதலில் முளைகளை ஆழமாக அடித்துவிட்டு, அப்புறம் துணியைப் போர்த்துங்கள்.