நீல ஒளியும் வைத்தியரின் கையும்

பசறையிலிருந்தோ நமுனுகுலைச் சரிவிலிருந்தோ தோட்டத் தொழிலாளி ஒருவர் பல்லை அடைப்பதற்காகப் பதுளை வைத்தியசாலைக்கு வந்து திரும்புவதாயின், அன்றைய பேர், அதாவது நாட்கூலி, அவருக்கு இல்லாமற் போகிறது. ஆதலால் அவ்வடைப்பு விரைவிற் பழுதுபட்டால், அவர் இழப்பது பல்லின் சுகத்தை மாத்திரமன்று, இன்னொரு நாட் கூலியையுமாகும்.

பாதரசக் கலவை படிப்படியாக வழக்கொழிந்துவரும் இந்நாளில், அதன் ஸ்தானத்தைப் பெரிதும் பெற்றிருப்பது, அமெரிக்க விஞ்ஞானி ரஃபேல் போவன் 1962-இல் உரிமம் பெற்ற பிசினிலிருந்து வளர்ந்துவந்த, பல்லின் நிறத்தையொத்த கொம்பசிற் ஆகும். மிருதுவான இப்பசையில் கம்ஃபர்குயினோன் என்னும் மஞ்சட் பொருள் சிறிதளவு கலந்திருக்கிறது. ஏறத்தாழ 470 நனோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளியை அது கிரகித்ததும், தனித்தனியே கிடந்த மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைந்து, சில விநாடிகளிற் பசை இறுகத் தொடங்குகிறது.

சூக்ஷ்மம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஒளி குறைவாயினும் மேற்பரப்பு இறுகிவிடும். கருவியால் தட்டிப் பார்க்கும் வைத்தியருக்கு எல்லாம் முடிந்ததாகவே தோன்றும். அடியிலோ பசை அரைகுறையாக நின்று, பின்னர் விளிம்பு பிளந்து, மீண்டும் சொத்தை விழ இடந்தருகிறது. எனவேதான் சாதாரணக் கொம்பசிற்றை 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத படலங்களாக வைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே இறுக்குகிறார்கள். விளக்கின் முனை விலகினால் ஒளி தளரும். சாய்ந்தால் குழியின் சுவரே நிழலாகும். நெடுங்காலம் பாக்கு மென்றதனால் கன்னத்தின் உட்சவ்வு விறைத்து, வாய் அகலத் திறக்க இயலாதவர்கள் தோட்டங்களில் உண்டு. அவர்களுடைய பின்கடைவாய்ப் பல்லில் விளக்கை நேராகப் பிடிப்பது எவ்வளவு சிரமமென்பதை அனுபவசாலிகள் அறிவார்கள்.

கனடாவின் டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் பிரைஸ் இதற்கொரு நல்ல உபாயங் கண்டார். பொம்மைத் தலையொன்றின் பற்களில் ஒளியுணரிகளைப் பதித்து, பயில்பவர் விளக்கைப் பிடிக்கையில் பல்லைச் சேரும் சக்தி எவ்வளவென்பதை உடனுக்குடன் திரையிற் காட்டும் சாதனம் அது. ஒரே விளக்கை ஒரே நேரம் பிடித்தும் கைக்குக் கை அளவு பெரிதும் வேறுபட்டது. பிழையைக் காட்டி மறுபடி செய்வித்தபோது திருந்தியது. கண் கூசுமென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது கையும் நகர்ந்துவிடுவது ஒரு முக்கிய காரணமாகும். செம்மஞ்சட் கண்ணாடி அணிந்தவரோ இறுதிவரை பல்லைப் பார்த்துக்கொண்டே பிடிக்கலாம்.

பேராதனையிற் பயின்று ஊவாவுக்கு வரும் வைத்தியர்களுக்கும், பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களுக்கும் இத்தகைய அப்பியாசம் பதுளையிலேயே கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். விலையுயர்ந்த அச்சாதனம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை: பிடுங்கிய பல்லொன்றில் பசையை வைத்து இறுக்கி, குறுக்கே வெட்டி அடிப்பாகத்தைச் சுரண்டிப் பார்க்கலாம், விளக்கின் முனையில் பழைய பிசின் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் கவனித்து, சிறிய ஒளிமானியால் அதன் வலுவை அளந்து ஏட்டிற் குறித்துவரலாம்.