மோட்டார் சுழலும் திசையா, அது இருக்கும் இடமா?

ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார்களில், அசல் காரின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டூ-வீல் டிரைவ் பக்கி உலகெங்கும் பிரபலம். பின்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே விசை போகும். 1984-ல் அமெரிக்காவின் டீம் அசோசியேட்டட் நிறுவனம் ஆர்சி10 காரை வெளியிட்டபோது, மோட்டார் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியது. மண் தரையில் பின்சக்கரம் வழுக்காமல் பிடிக்க அந்தப் பாரம் உதவியது. கார்ப்பெட்டும் செயற்கைப் புல்லும் விரித்த பந்தயத் தடங்கள் பெருகியபோது கதை மாறியது. அங்கே பிடிமானத்துக்குக் குறைவில்லை. வளைவில் முன்சக்கரம் திரும்புவதுதான் சிக்கல். அதனால் மோட்டார் அச்சுக்கு முன்னால் வந்தது. இதுதான் மிட்-மோட்டார் அமைப்பு. அதை வாங்குகிறவர் முன் இன்னொரு கேள்வி நிற்கிறது: எந்தக் கியர்பாக்ஸ்?

கியர்பாக்ஸுக்குள் மூன்று பல்சக்கரங்கள் இருந்தால், வெளியே மோட்டார் இணையும் ஜோடியையும் சேர்த்து சுழற்சி மூன்று முறை திசை மாறும். மோட்டார் சக்கரங்களுக்கு எதிர்த்திசையில் சுழலும். நான்கு இருந்தால் இரண்டும் ஒரே திசையில் சுழலும். இதை வைத்துப் பரவலாக ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது: நான்கு கியர் அமைப்பில் மோட்டாரின் எதிர்விசை காரின் பின்பக்கத்தை அழுத்தும், மூன்று கியரில் முன்பக்கத்தை அழுத்தும், ஆகவே வழுக்கும் மண்ணுக்கு நான்கு, பிடிமானமுள்ள தரைக்கு மூன்று. இந்த விளக்கத்தின் திசை சரி, அளவு தவறு என்பதே என் வாதம்.

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். மோட்டாருக்குள் சுழலும் ரோட்டர் சுமார் 30 கிராம் எடையும் 12.5 மி.மீ. விட்டமும் கொண்ட சிறு உருளை. சக்கரத்தைப்போல எட்டு, ஒன்பது மடங்கு வேகத்தில் சுழன்றாலும், வேகமெடுக்கும்போது அது சேஸிஸுக்குத் தரும் முறுக்கு மிகச் சிறியது. ஒன்றரைக் கிலோ காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், முன்னிருந்து பின்னுக்குப் பாரத்தைத் தள்ளும் முறுக்கில் ரோட்டரின் பங்கு அரை சதவீதத்தைக்கூட எட்டாது. மோட்டாரின் இடத்தையோ அப்படி ஒதுக்கிவிட முடியாது. சுமார் 180 கிராம் மோட்டாரை 20 மி.மீ. உயர்த்தினால் காரின் ஈர்ப்பு மையம் 2.4 மி.மீ. ஏறும், பின்னுக்குப் போகும் பாரம் ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். அதே மோட்டாரை 20 மி.மீ. முன்னே நகர்த்தினால், அச்சுகளுக்கு இடையே 280 மி.மீ. உள்ள காரில் சுமார் 13 கிராம் பாரம் பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறும்.

அனுபவமுள்ள ஓட்டுநர்கள் மூன்றுக்கும் நான்குக்கும் வித்தியாசத்தை உணர்கிறார்களே என்று கேட்கலாம். உணர்கிறார்கள், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கியர்பாக்ஸை மாற்றும்போது சுழலும் திசை மட்டுமா மாறுகிறது? கூடுதலாக நுழையும் ஒரு பல்சக்கரம் மோட்டாரை நகர்த்துகிறது, உராய்வையும் சற்றுக் கூட்டுகிறது. மூன்று மாற்றங்கள் சேர்ந்து நடக்கும்போது பெயரை ஒன்றுக்கு மட்டும் கொடுப்பது நியாயமல்ல.

ஆகவே பல்சக்கரங்களை எண்ணுவதைவிட மோட்டார் எங்கே உட்காரும் என்று பார்ப்பதே மேல். பல்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் 'ஸ்டாண்ட்-அப்' அமைப்பில் மோட்டார் உயரத்திலும் பின் அச்சுக்கு அருகிலும் இருக்கும். புழுதி மண்ணுக்கு அது பொருந்தும். படுத்த நிலையில் உள்ள 'லே-டவுன்' அமைப்பில் மோட்டார் தாழ்ந்து முன்னே வரும்; கார்ப்பெட்டில் வளைவெடுக்கையில் கார் கவிழாமல் இருக்க அது துணை. தாழ்ந்த பாரம் எப்போதும் நல்லதுதானே என்பார்கள். வழுக்கும் தரையில் அப்படியல்ல. அங்கே பாரம் பின்னுக்குப் பாய்ந்தால்தான் சக்கரம் மண்ணைக் கவ்வும். ஈர்ப்பு மையம் மிகத் தாழ்ந்திருந்தால் அந்தப் பாய்ச்சல் குறையும்.

பேட்டரியை நகர்த்தினாலே போதாதா என்ற கேள்வியும் நியாயமானதே. முன்பின் பாரத்தை அதனால் சரிசெய்யலாம், காசும் செலவாகாது. முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் பேட்டரி சேஸிஸின் தளத்திலேயே கிடப்பதால், அதை நகர்த்தி மையத்தின் உயரத்தை மாற்ற முடியாது. அந்த வேலைக்குத்தான் கியர்பாக்ஸ். பேட்டரியை எங்கே வைத்தும் கார் வழுக்குவது நிற்கவில்லை, அல்லது வளைவில் கவிழ்வது நிற்கவில்லை என்றால், அதுவே புதுக் கியர்பாக்ஸுக்குப் பணம் போட வேண்டிய நேரம்.